கணவாய் கடந்த பெயர்கள்

காலையில் தமிழ் வகுப்புத் தொடங்குமுன் ஆசிரியர் வருகைப்பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படிக்கிறார். கோமதி, சீதாலட்சுமி, மரியம்மாள், மாரியம்மாள், ஆயிஷா, மஞ்சு, யாழினி என அழைப்புத் தொடர்கிறது. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் "உள்ளேன் ஐயா" என்னும் விடை எழுகிறது. பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்க் குழந்தைகள் பயிலும் பள்ளிகளில் இத்தகைய பட்டியலைக் கேட்கலாம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் அந்தப் பட்டியலுக்குள் தமிழ், வடமொழி, எபிரேயம், அரபு ஆகிய மொழிகள் வந்து போகின்றன. பெயருக்கு உரியவருக்கே பெரும்பாலும் அது தெரிவதில்லை.

மேற்குத்தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இயற்கை வாயிலாகும். அதன் வழியே கொங்குநாட்டு உழவரும் வணிகரும் நெசவாளரும் பல நூற்றாண்டுகளாக மேற்கே சென்று குடியேறினர். தெற்கே நிலைமை வேறு. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து மலையேறும் பாதைகள் செங்குத்தானவை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூணாறு, பீர்மேடு மலைகளில் காப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் உருவாயின. அப்போது திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் உழைப்பாளர் கங்காணிகளின் பின்னால் அப்பாதைகளில் ஏறினர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவ்விரு பகுதிகளும் கேரளத்தில் அடங்கின. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைக்கோடு அவர்களுக்குக் கிழக்கே விழுந்தது. முதல் தலைமுறையினர் தலைச்சுமையாகக் கொண்டு சென்ற பானையும் பாயும் இன்று இல்லை. பாட்டியரின் பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

அப்பெயர்களின் இறுதிப்பகுதியைக் கேட்டாலே குடும்பம் எந்த வழியாக வந்தது என்று ஓரளவு கூறிவிடலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் முதிய பெண்களிடையே ராமாத்தாள், மயிலாத்தாள், நாச்சாயி, கருப்பாயி முதலிய பெயர்கள் வழங்குகின்றன. 'ஆத்தாள்', 'ஆயி' என முடிபவை கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தை நினைவூட்டுகின்றன. மூணாற்றுத் தோட்டங்களின் லயங்களில் ஆவுடைத்தாய், மாரித்தாய், பேச்சியம்மாள் என்னும் பெயர்கள் மிகுதி. 'தாய்' என முடிவது நெல்லைச் சீமையின் வழக்கம். மலையாளத்தில் 'அம்மா' என்னும் ஈறு பெருகி வழங்குகிறது. பாலக்காட்டு எல்லையில் உள்ள பிளாச்சிமடையில், ஊரின் நிலத்தடிநீரைக் காப்பதற்காக 2002-இல் தொடங்கிய போராட்டத்தில் முன்னின்றவர் மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண்மணி. 'மயில்' என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். அவர் பொள்ளாச்சியில் பிறந்திருந்தால் மயிலாத்தாள் ஆகியிருக்கக்கூடும்.

ஆத்தாள், ஆயி, தாய், அம்மா ஆகிய யாவும் தாயையே குறிக்கின்றன. பிறந்து பத்து நாளான குழந்தையை 'ஆவுடைத்தாய்' என்று அழைப்பது புதியவருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அப்பெயர் பெரும்பாலும் குழந்தையின் பாட்டிக்கு உரியதாக இருக்கும். பேத்தி என்னும் சொல்லே 'பெயர்த்தி' என்பதன் திரிபு. பாட்டியின் பெயரைத் தாங்குபவள் என்பது அதன் பொருள்.

இனி, ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு சற்று நின்று பார்ப்பது பயனுடையது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், ஆண்களின் தலைமையில் இயங்கிய தொழிற்சங்கங்களை விலக்கிவிட்டுத் தாமாகவே போராடினர். 20 விழுக்காடு போனசு வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 500 ரூபாயாக உயர வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். ஒன்பது நாள்களில் போனசுக் கோரிக்கை ஏற்கப்பட்டது. அவர்களின் அமைப்பு 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்றது. தமிழின் 'பெண்பிள்ளை' என்னும் சொல்தான் பேச்சில் 'பொம்பிளை' என்றும் 'பெம்பிளை' என்றும் ஆயிற்று. 'ஒருமை' என்பது மலையாளத்தில் ஒற்றுமை. தமிழ் இலக்கணத்திலோ ஒருமை என்றால் ஒன்றைக் குறிப்பது, பன்மைக்கு எதிரானது. ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்து தங்களை 'ஒருமை' என்று அழைத்துக்கொண்டதில் இலக்கணப்பிழை எதுவும் இல்லை.

அப்போராட்டத்தில் வெளியுலகுக்கு அறிமுகமான பெண்களுள் கோமதி, இந்திராணி, லிசி ஆகியோர் இருந்தனர். இந்திராணி இந்திரனின் மனைவி. லிசி என்பது எலிசபெத் என்னும் பெயரின் செல்லக் குறுக்கம். எபிரேய மூலத்தில் 'கடவுளே என் ஆணை' என்பது போன்ற பொருளுடையது. இப்பெயர் கேரளத்துக்கு இருமுறை வந்தது. பழைய சிரியக் கிறித்தவ வழியில் வந்து எலிசுவா என்றும் ஏலியாம்மா என்றும் நின்றது; பின்னர் ஆங்கில வழியில் வந்து லிசியாயிற்று. ஆகவே பேத்தி லிசியும் பாட்டி ஏலியாம்மாவும் ஒரே பெயரைக் கொண்டவர்களே.

கோமதியின் வழி இன்னும் சுவையானது. வடமொழியில் 'கோ' என்பது பசு. 'கோமதி' என்றால் பசுக்களை உடையவள். வட இந்தியாவில் இலக்னோ நகரின் வழியே ஓடும் ஆற்றுக்கும் இதுவே பெயர். ஆனால் மூணாற்றுக் குடும்பங்கள் அந்த ஆற்றை எண்ணிப் பெயரிடவில்லை. அவர்களுள் பலருடைய முன்னோர் சங்கரன்கோவில் வட்டாரத்தினர். அங்குக் கோயில் கொண்டுள்ள அம்மன் கோமதி. ஆடித்தபசு விழாவில் அவள் தவமிருக்க, அரியும் அரனும் ஓருருவாகச் சங்கரநாராயணராய்க் காட்சி தந்தனர் என்பது தலக்கதை. அந்த அம்மனுக்கு ஆவுடையம்மை என்றும் பெயருண்டு. 'ஆ' என்பது பசு. ஆவுடையாள் என்றால் பசுக்களை உடையவள். கோமதியும் ஆவுடைத்தாயும் ஒரே பெயரின் வடமொழி வடிவமும் தமிழ் வடிவமும் ஆவர். தன் பாட்டியின் பெயர் நாட்டுப்புறமானது என்று கூச்சப்படும் கோமதி ஒருத்தி வகுப்பில் இருந்தால், அவள் கூச்சப்படுவது தன் பெயரைக் குறித்தே. விவிலியத்தில் வரும் ராகேல் என்னும் பெயருக்கு எபிரேயத்தில் பெண் செம்மறியாடு என்று பொருள். கால்நடையைச் செல்வமாகக் கருதிய மக்கள் எங்கிருந்தாலும் மகளுக்கு அச்செல்வத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

மண்ணிலிருந்து எழுந்த பெயர்களும் உண்டு. தேவிகுளத்தில் சீதை நீராடினாள் என்பது அவ்வூர் வழங்கும் கதை; ஊரின் பெயரும் அதனால் அமைந்தது. வடமொழியில் 'சீதா' என்பதற்கு உழுசால் என்று பொருள். சனக மன்னன் ஏரால் உழுதபோது உழுசாலில் கிடைத்த குழந்தை ஆதலின் அப்பெயர் பெற்றாள். மலைக்குறவர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை வள்ளி எனப்பட்டாள். ஒருத்தி உழவர் நிலத்தின் மகள். மற்றொருத்தி மலைநிலத்தின் மகள். இருவருக்கும் கிடைத்த இடமே பெயராயிற்று. இடுக்கி அணையைத் தாங்கி நிற்கும் குன்றுகளைக் குறவன் மலை, குறத்தி மலை என்று மக்கள் அழைப்பதையும் இங்கு நினைக்கலாம்.

சீதையின் பெயரை மூவகையாக எழுதுவதில் ஓர் இலக்கண நுட்பம் உள்ளது. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் பெண்பாற்பெயர்கள் தமிழுக்கு வரும்போது ஐகார ஈறு பெறும். சீதா சீதை ஆகும். கங்கா கங்கை ஆகும். ராதா ராதை ஆகும். மேகலா மேகலை ஆகும். மலையாளமோ அந்த ஆகாரத்தைக் குறுக்கிக்கொள்கிறது. அதனால் அங்குச் சீத, கங்க, ராத என்று எழுதுவர். ஒரே மாணவியின் பெயர் தமிழ்க் குறிப்பேட்டில் ஒரு விதமாகவும் மலையாளக் குறிப்பேட்டில் வேறு விதமாகவும் முடிவது இதனால்தான். எதுவும் பிழையன்று.

ஒலி ஒன்றாகத் தோன்றிப் பொருளில் வேறாகும் பெயர்கள் கவனத்தோடு படிக்கத்தக்கவை. மாரியம்மாள், மரியம்மாள் என்னும் பெயர்களிடையே ஒரு காலெழுத்தே வேறுபாடு. மாரி என்பது மழை. மாரியம்மன் மழைதரும் தெய்வம். மரியாள் என்பது எபிரேய மிரியாமிலிருந்து வந்தது. அதன் பொருளைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. அரபில் அதுவே மர்யம் ஆயிற்று. அன்னம்மாள் என்பதும் இத்தகையதே: ஒரு வீட்டில் அது அன்னப்பறவையையோ சோற்றையோ குறிக்கும், மற்றொரு வீட்டில் 'அருள்' எனப் பொருள்படும் எபிரேய அன்னாளைக் குறிக்கும். மஞ்சு என்னும் பெயரில் மூன்று பொருள்கள் உறைகின்றன. வடமொழியில் அது அழகு. பழந்தமிழில் மேகம். மலையாளத்தில் 'மஞ்ஞு' என்றால் பனி. மூணாற்றில் மார்கழி விடியலில் கதவைத் திறக்கும் மஞ்சுவுக்கு மூன்றும் ஒருசேரப் பொருந்தும்.

இருமொழிக்கும் பொதுவான சொற்களும் பெயராகின்றன. 'மலர்' அவற்றுள் ஒன்று. 2015-இல் வெளிவந்த 'பிரேமம்' என்னும் மலையாளத் திரைப்படத்தில் தமிழ்ப்பெண்ணான ஆசிரியை ஒருவருக்கு மலர் என்று பெயர். அந்த ஆண்டு கேரளத்தில் அப்பெயரை உச்சரிக்காத கல்லூரி இருந்திருக்காது.

பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களில் வீட்டுமொழி தமிழ். பெயர்கள் அரபும் பாரசீகமும் ஆகும். ஆயிஷா என்றால் உயிர்ப்புடன் வாழ்பவள். ஜமீலா என்றால் அழகி. நூர்ஜகானில் 'நூர்' அரபு, 'ஜகான்' பாரசீகம். இரண்டும் சேர்ந்து 'உலகின் ஒளி' எனப் பொருள்படும். பாத்திமா என்னும் பெயர் மலையாளத்தில் பாத்தும்மா என்றும் தமிழில் பாத்திமுத்து என்றும் உறவு கொண்டாடுகிறது. அரபுப் பெயரோடு 'முத்து' சேர்வது தமிழ்க் கடற்கரையின் கொடையாகலாம்.

இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லையில், பெரியாற்றுக் காட்டுக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநிலத்தவரும் மலையேறி வழிபடுகின்றனர். கண்ணகி என்னும் பெயரைக் 'கண்ணால் நகுபவள்' என விளக்குவர். மாதவி என்பது வடமொழிப்பெயர். இளவேனிலில் பூக்கும் கொடியைக் குறிப்பது. அதே கொடிக்குத் தமிழில் குருக்கத்தி என்று பெயர். மணிமேகலை என்றதும் பலர் மணிகள் கோத்த இடையணியையே நினைப்பர். கதைப்படி அவளுக்கு அப்பெயர் அணியினால் வந்ததன்று. கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் காத்த தெய்வத்தின் பெயர் மணிமேகலா தெய்வம். அந்த நன்றியால் அவன் தன் மகளுக்கு அதைச் சூட்டினான்.

பெயர்கள் ஏட்டில் ஏறும்போது வேறொரு பயணம் தொடங்குகிறது. தமிழில் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா. எனவே பழைய முறைப்படி லக்ஷ்மி இலக்குமி ஆவாள். ருக்மிணி உருக்குமணி ஆவாள். பேச்சில் லெட்சுமி, லெச்சுமி என்று வழங்கும். தோட்டத்து எழுத்தர் காதில் விழுந்ததை விழுந்தபடி பதிந்தார். மலேசியாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்ப்பெண்களின் வழித்தோன்றல்களிடம் இன்றும் ஆங்கில எழுத்தில் 'லெச்சுமி' என்ற வடிவமே அடையாள அட்டையில் நிற்கிறது.

1916-இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியபின் தமிழ்ச்செல்வி, தேன்மொழி, கயல்விழி போன்ற பெயர்கள் பெருகின. யாழினி அவற்றின் தங்கை எனலாம். இவற்றில் ழகரம் நிறைய வரும். மலையாளத்திலும் ழகரம் இருப்பதால் பாலக்காட்டில் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் அவ்வொலிக்கு இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். அவ்வழக்கத்தை அறியாத வடமாநில ஆசிரியர் படிக்கும்போது யாழினி 'யாஜினி' ஆகிவிடுகிறாள். அந்த வேளையில் வகுப்பு சிரிக்கிறது. அவள் எழுந்து திருத்துவதா, அப்படியே 'உள்ளேன்' என்று சொல்லிவிடுவதா என்று ஒரு நொடி தயங்குகிறாள். திருத்தாமல் விட்ட பெயர் மாற்றுச் சான்றிதழிலும் ஏறிவிடக்கூடும்.

பெயர்களுள் கேட்டவுடன் முகம் சுளிக்கவைப்பவையும் உள. குப்பாயி, பிச்சையம்மாள் என்னும் பெயர்களை இன்றைய மாணவியர் விரும்புவதில்லை. முன்பிறந்த குழந்தைகள் இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையையாவது கூற்றம் விட்டுவைக்கட்டும் என்று, 'இது மதிப்பற்றது' எனக் காட்டும் பெயரை இட்டனர். குழந்தையைக் குப்பைமேட்டில் ஒருகணம் கிடத்தி எடுத்துப் பெயரிடும் வழக்கமும் இருந்தது. குப்பாயி என்னும் பெயருக்குள் இருப்பது இழிவன்று. அஞ்சி நடுங்கிய அன்பு.

ஆனால் மதுரை, தேனிப் பக்கத்துச் சிற்றூர்களில் வழங்கிய 'போதும்பொண்ணு' என்னும் பெயர் அத்தகையதன்று. பெண்குழந்தைகளே தொடர்ந்து பிறந்த வீட்டில், அடுத்தது ஆணாகட்டும் என்று இட்டது அது. 'வேண்டாம்' என்றே பெயரிடப்பட்ட பெண்களும் தமிழ்நாட்டில் உண்டு. மராத்தியில் இதற்கு நிகரானது 'நகுசா'. வேண்டாதவள் என்பது பொருள். 2011 அக்டோபரில் மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் அப்பெயரைச் சுமந்த 285 சிறுமியர்க்கு விழா எடுத்துப் புதுப்பெயர்கள் வழங்கப்பட்டன. இரண்டு வகைப் பெயர்களையும் ஒன்றாகக் கருதி நகைப்பவர் இரண்டின் பொருளையும் அறியாதவர்.

பள்ளி சூட்டிய பெயரும் உண்டு. இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு ஒடிசாவின் சந்தாலிப் பழங்குடியில் பிறந்தவர். வீட்டில் அவருக்கு இட்ட பெயர் 'புதி'. திரௌபதி என்பது பள்ளி ஆசிரியர் ஒருவர் பாரதக் கதையிலிருந்து எடுத்துச் சூட்டியது என்று அவரே கூறியிருக்கிறார். திரௌபதி என்றால் துருபதனின் மகள். சானகி சனகனின் மகள். பார்வதி பர்வதத்தின் மகள், அதாவது மலைமகள். தந்தையின் பெயரைத் தலையெழுத்தாக எழுதும் இன்றைய வழக்கத்தை முன்னோர் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டனர்.

2022 செப்டம்பர் 30 அன்று புதுதில்லியில் தேசியத் திரைப்பட விருதுகளை அவர் வழங்கினார். 'ஐயப்பனும் கோஷியும்' என்னும் மலையாளப் படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி விருதைப் பெற்றவர், பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பெண்மணி நஞ்சியம்மா. அவர் பாடியது தமிழுக்கு நெருங்கிய இருளமொழிப் பாட்டு. 'நஞ்சி' என்பதைக் கேட்டு நஞ்சை மட்டும் நினைப்பவர் உண்டு. மைசூர், நீலகிரி, கொங்கு மலையோரங்களில் நஞ்சன், நஞ்சப்பன், நஞ்சம்மாள் என வழங்கும் பெயர்கள் யாவும் உலகைக் காக்க நஞ்சுண்ட சிவபெருமானை ஒட்டியவை. நஞ்சன்கூடு என்னும் ஊரில் அவருக்குப் பெருங்கோயில் உள்ளது. ஆசிரியர் இட்ட பெயரோடு ஒரு பழங்குடிப் பெண் அன்று மேடையில் நின்றார். மலையில் வழங்கிய பெயரோடு மற்றொரு பழங்குடிப் பெண் அவர்முன் வந்து நின்றார். அறிவிப்பாளர் 'நஞ்சியம்மா' என்று அழைத்தார்.

அருஞ்சொற்பொருள்

உழுசால் – ஏர் உழுத கோடு
கூற்றம் – எமன்
நகுதல் – சிரித்தல்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு

பயிற்சி

1. 'பேத்தி' என்னும் சொல் எவ்வாறு பிறந்தது? உம் வீட்டில் பாட்டியின் பெயரைத் தாங்கியவர் யார்?
2. மாலா, லதா, யமுனா, உமா ஆகிய பெயர்களுள் தமிழில் ஐகார ஈறு பெற்று வழங்குபவை எவை? அவற்றை மலையாளத்தில் எவ்வாறு ஒலிப்பர் என்று வகுப்புத் தோழரிடம் கேட்டறிக.
3. கோமதி, ஆவுடையம்மை என்னும் பெயர்களின் ஒற்றுமையை விளக்குக. இவ்வாறு பொருள் ஒத்த வேறொரு பெயரிணையைக் கண்டறிக.
4. குப்பாயி, போதும்பொண்ணு ஆகிய பெயர்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.
5. உம் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்களை, வீட்டில் அழைக்கும் வடிவத்திலும் ஏட்டில் பதிந்த வடிவத்திலும் எழுதுக. எந்தப் பெயர் எங்கே மாறியது என்பதைப் பெரியோரிடம் கேட்டுப் பக்கத்தில் குறிக்க.